பானைக்கும் வாய்க்கும் நடுவில்

எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் காசு கொடுத்து வாங்குவது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டாக்டர் கேட்டபோதும் நான் முந்திக்கொண்டு இதைத்தான் சொன்னேன். யாங்கோனில் தாம்வே பக்கம் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். 20 லிட்டர் யேதன் (சுத்திகரித்த தண்ணீர்) பாட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு வாரத்துக்கு மூன்று தடவை ஒரு பையன் படியேறி வருவான். குழாய்த் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும்தான். "அதனால தண்ணிப் பிரச்சினையே எங்க வீட்டுல கிடையாது சயாமா" என்றேன். பர்மாவில் டாக்டர் அம்மாவும் சயாமாதான், டீச்சர் அம்மாவும் சயாமாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள் என்பதால் என்னையும் நாலு பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு சயாமாவிடம் இன்னொரு சயாமா வகையாக மாட்டிக்கொண்ட கதை இது.

அது ஆடி மாதம். யாங்கோனில் மழை என்றால் சும்மா தூறிவிட்டுப் போகிற மழை இல்லை. பின்சந்தில் சாக்கடைத் தண்ணீர் ஏறி, குப்பையெல்லாம் மிதந்து, தெருவே ஒரு நாள் முழுக்கக் கணுக்கால் ஆழத்தில் நிற்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சின்னவன் சோறு வேண்டாம் என்றான். அவனுக்கு அப்போது 4 வயது. தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது. ராத்திரி இரண்டு தடவை வாந்தி. விடிவதற்குள் ஐந்து தடவை தண்ணீராகப் போனது. கரண்ட் இல்லை. போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அவனைக் கழுவிவிட்டேன். அத்தை எழுந்து வந்து ஓமத் தண்ணீர் வைத்தார், சூடம் சுற்றிப் போட்டார். எங்கள் வீட்டில் எல்லா வயிற்றுவலிக்கும் அந்த இரண்டும்தான் முதல் சிகிச்சை.

காலையில் நான் இரண்டு தப்பு செய்தேன்.

முதல் தப்பு, முக்குக் கடையில் மருந்து வாங்கியது. இங்கே இது எல்லோரும் செய்வதுதான். "பிள்ளைக்கு வயிறு போகுது" என்று சொன்னால் போதும், நாலைந்து டப்பாவிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக எடுத்து, ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த மாத்திரைக்கு என்ன பெயர், எதற்கு என்று ஒன்றும் எழுதியிருக்காது. ஒரு பொட்டலத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டேன். பிறகு டாக்டர் மிச்சப் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல எது எதுன்னு எனக்கே தெரியல ஞீமா. பேதியைக் கட்டுற மாத்திரை இதுல இருந்தா, வெளியே போக வேண்டிய கிருமியைக் குடலுக்குள்ள பூட்டி வைக்கிற மாதிரி" என்றார். ஞீமா என்றால் தங்கச்சி. சின்னப் பிள்ளைகளுக்குப் பேதியை நிறுத்துகிற மாத்திரையே கொடுக்கக் கூடாதாம். குடல் அசைவே நின்றுபோகிற அளவுக்கு ஆபத்து உண்டாம்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம், ஏனென்றால் நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்தது. தாட்சா பாக்கெட் வீட்டில் இருந்தது. தமிழ்நாட்டில் ஓ.ஆர்.எஸ். என்பார்களே, அதே உப்பு-சர்க்கரைப் பொடிக்குத்தான் இங்கே அந்தப் பெயர். ஒரு பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. இவ்வளவு சின்னப் பிள்ளை ஒரு லிட்டரை எங்கே குடிக்கப் போகிறான் என்று முழுப் பாக்கெட்டையும் ஒரு கிளாஸில் கரைத்தேன். குறைந்த தண்ணீரில் கூடுதல் சத்து என்று கணக்கு. அவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துத் துப்பினான். அதட்டி இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். நல்ல வேளை, அதையும் வாந்தி எடுத்தான். அளவுக்கு மேல் உப்பும் சர்க்கரையும் குடலுக்குள் போனால், உடம்பில் இருக்கிற தண்ணீரை அது குடலுக்குள் இழுத்துவிடும். பேதி கூடும், ரத்தத்தில் உப்பும் ஏறும். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. பத்து வருஷமாக எல்லாப் பெற்றோருக்கும் "படிச்சுப் பாருங்க, படிச்சுப் பாருங்க" என்று சொல்கிறவள் நான்.

மத்தியானம் அவன் போனதில் சளி மாதிரி இருந்தது, அதில் சிவப்பாக ஒரு கோடு. தக்காளித் தோலோ என்று குச்சியால் தள்ளிப் பார்த்தேன். இல்லை. அதற்கு மேல் யார் சொல்லியும் நிற்கவில்லை, குடையைக்கூட எடுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கிளினிக்கில் அவன் அழுதான். வாய் கோணி, முகம் சிவந்து, குரல் கம்மி அழுகிறான், ஆனால் கண் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. டாக்டர் பார்த்த முதல் விஷயம் அதுதான். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார். சட்டென்று படியாமல் மெதுவாக இறங்கியது. கடைசியாக எப்போது மூத்திரம் போனான் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பேதியை எண்ணிக்கொண்டே இருந்தேனே தவிர, மூத்திரத்தை யார் எண்ணினார்கள்?

அவனுக்கு 15 கிலோ. கிலோவுக்கு 75 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் தாட்சா உள்ளே போக வேண்டும் என்று டாக்டர் கணக்குப் போட்டார். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. "எப்படிக் குடிப்பான் சயாமா?" என்றதற்கு ஒரு டீஸ்பூனைக் கையில் கொடுத்தார். நிமிஷத்துக்கு ஒன்று இரண்டு ஸ்பூன், வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடியும் ஆரம்பி, அவசரப்படாதே என்றார். பெஞ்சில் உட்கார்ந்து ஊட்டினேன். கிளாஸில் கொடுத்தபோது கக்கினவன் ஸ்பூனில் கொடுத்தபோது விழுங்கினான். இருட்டுகிற நேரத்தில் மூத்திரம் போனான். அவ்வளவு சந்தோஷமாக அதுவரை நான் எந்த டவுசரையும் மாற்றியதில்லை.

இந்தப் பொடி பெரிய ஆளாக்கும். 1971-ல் வங்காளதேசப் போரின்போது அகதி முகாம்களில் காலரா பரவியது. சலைன் பாட்டில் தீர்ந்துபோன நேரத்தில் திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் கலந்து டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் வீட்டு ஆட்களையே விட்டுக் குடிக்க வைத்தார். சாவு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. பாக்கெட் கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் கொதித்து ஆறின தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். இரண்டும் தலைதட்டி எடுக்க வேண்டும், குவித்து எடுத்தால் என் கதைதான். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாட்டில் கூல் டிரிங்க்கும் பழச்சாறும் இதற்கு மாற்று ஆகாது. அதில் இருக்கிற சர்க்கரையே பேதியைக் கூட்டும்.

ரத்தம் கலந்து போனதால் மூன்று நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். வெறும் தண்ணீர்ப் பேதியாக இருந்தால் பெரும்பாலும் அது தேவைப்படாது, நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார். கூடவே துத்தநாக மாத்திரை, 20 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் அதில் பாதி. பேதி நின்ற பிறகும் விடாமல் கொடுக்கச் சொன்னார். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குப் பேதி திரும்ப வருவதை அது குறைக்குமாம். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம் என்றார். நான் பட்டினி போட்டு வயிற்றைக் காயவைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

மலப் பரிசோதனை ரிசல்ட் வந்தபோது ஆன்டிபயாடிக்கே முடிந்துவிட்டது. ஷிகெல்லா என்று எழுதியிருந்தது. நம் ஆட்கள் சீதபேதி என்று சொல்வதற்குப் பின்னால் பல சமயம் இருக்கிற கிருமி. 1897-ல் ஜப்பானில் பெரிய சீதபேதி பரவியபோது கியோஷி ஷிகா என்பவர் கண்டுபிடித்தது, அதனால் அந்தப் பெயர். டாக்டர் சொன்னதில் எனக்குத் தூக்கம் போன விஷயம் ஒன்று. காலரா வர லட்சக்கணக்கில் கிருமி வயிற்றுக்குள் போக வேண்டும். ஷிகெல்லாவுக்குப் பத்து, நூறு போதும். கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல் அழுக்கில் அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கும்.

அப்போதுதான் நான் யேதன் பெருமை பேசினேன். டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, பாட்டில்ல வருது. பாட்டில்ல இருந்து பிள்ளை வாய்க்கு எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

எப்படிப் போகிறது? கரண்ட் நம்பி ஃபிரிட்ஜில் வைக்க முடிவதில்லை என்பதால், பையன் பாட்டிலைக் கவிழ்த்து மண்பானையில் ஊற்றிவிட்டுப் போவான். பானைத் தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். மேலே ஒரு தட்டு, தட்டின் மேலே ஒரு சொம்பு. வேண்டியவர்கள் மொண்டு குடிப்பது. நான் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து என் பெண் தண்ணீர் மொள்ளுவதைப் பார்த்தேன். ஒன்பது வயசுக்காரி. சொம்பின் விளிம்பைப் பிடித்துப் பானைக்குள் விடுகிறாள். கட்டைவிரல் மட்டும் வெளியே, மற்ற நான்கு விரலும் கணு வரைக்கும் தண்ணீருக்குள். தம்பிக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்பப் பானையிலேயே கொட்டினாள். தண்ணீர் வீணாகக் கூடாது என்று நான் சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

அவளைக் கேட்டேன். தம்பிக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னால் அவளுக்கும் வயிறு வலித்ததாம், இரண்டு தடவை போனதாம். பள்ளிக்கூடத்தில் பரீட்சை இருந்ததால் சொல்லவில்லை. பள்ளிக்கூடக் கக்கூசில் சோப்பு இருக்குமா என்று கேட்டால் என்னைப் பைத்தியக்காரி மாதிரிப் பார்த்தாள். கிருமி உள்ளே போனால் ஒன்றிலிருந்து மூன்று நாளில் நோய் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், கணக்குப் பொருந்தியது. வலி நின்ற பிறகும் மருந்து எடுக்காதவர்களின் மலத்தில் சில வாரம் வரைக்கும் கிருமி வெளியேறும். அவள்தான் கொடுத்தாள் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அவளிடம் நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த நான்கு விரல் என் கண்ணிலேயே நின்றது.

பானையைக் காலி செய்துவிட்டு உள்ளே கையை விட்டுத் தடவினேன். வெளியே மண் சொரசொரவென்று இருக்கிறது, உள்ளே மீன் முதுகு மாதிரி வழவழ என்று இருந்தது. அந்த வழவழப்பே கிருமிகள் ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிற ஏடு. சுத்தமான தண்ணீரைத் தினம் அதில் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன். கடைசியாக அந்தப் பானையை எப்போது தேய்த்துக் கழுவினோம் என்று அத்தையைக் கேட்டேன். "குடிக்கிற தண்ணிதானே இருக்குது, அதை எதுக்குத் தேய்க்கணும்?" என்றார்.

அத்தை கோபப்பட்டார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "என் பிள்ளைங்க அஞ்சும் இந்தப் பானைத் தண்ணியிலதான் வளந்துச்சு" என்றார். ஆறாவதாக ஒன்று பிறந்து பேதியில் போனதை அவரே ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை எடுத்துப் பேசுகிற தைரியம் எனக்கு இல்லை, பேசியிருக்கவும் கூடாது. ஒன்றும் சொல்லாமல் பைப் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கிவந்தேன். மூடி இறுக்கமாக இருக்கும், உள்ளே கை போக வழியில்லை, திறந்தால் டம்ளரில் விழும். நாலு நாளுக்கு ஒரு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரை உள்ளே சுழற்றி ஊற்றிவிட்டு, அப்புறம்தான் புதுத் தண்ணீர். பைப்பின் மூக்கையும் தேய்க்க வேண்டும். பிள்ளைகள் அதில் நேராக வாய் வைப்பார்கள்.

இன்னொன்று. மழைக்காலத்தில் நான் பாட்டில் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் சின்னவனுக்குக் கொடுக்கிறேன். எல்லாக் கம்பெனித் தண்ணீரும் ஒரே தரம் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மேலே குமிழி ஒன்றிரண்டு வருவது கொதி இல்லை, தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க வேண்டும். கலங்கல் தண்ணீர் என்றால் முதலில் தெளியவிட்டு, துணியில் வடிகட்டிவிட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். கொதித்ததை அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட வேண்டும். ஆறவைக்கிறேன் என்று இரண்டு கிளாஸுக்கு நடுவில் ஆற்றுகிறோமே, அங்கேதான் மறுபடியும் கை படுகிறது, ஈரத் துணி படுகிறது. குளோரின் மாத்திரை போடுகிறவர்கள் போட்டவுடன் குடிக்காமல் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

தண்ணீரை விட்டுவிட்டு அடுத்ததாக நான் பார்த்தது எங்கள் வீட்டுப் பின்பக்கம். யாங்கோன் பழைய ஃபிளாட்டுகளில் இருக்கிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்: குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஒரே ஆறடி சிமென்ட் தரையில். சின்னவனைக் கழுவிவிட்ட இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் சாப்பாட்டுத் தட்டு கவிழ்ந்திருக்கிறது. அவன் மலம் கழிக்க உட்காருகிற சட்டியைக் கழுவுகிற பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கிற நாரும் ஒரே ஆணியில் தொங்கின. பிள்ளை மலம் தானே, அதில் என்ன என்று ஒரு எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. பெரியவர்கள் மலத்தில் இருக்கிற கிருமி எல்லாம் அதிலும் இருக்கும். நேராகக் கக்கூசில் கொட்ட வேண்டும், கழுவின தண்ணீரும் அங்கேயே போக வேண்டும். இப்போது நாருக்குத் தனி ஆணி. பாத்திரத்துக்குக் காலளவு உயரத்தில் ஒரு பலகை, தரையில் இனி எதுவும் இல்லை. கைதுடைக்கிற துண்டும் அடுப்படித் துணியும் தினம் மாறுகின்றன.

அப்புறம் என் கை. இதைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிள்ளையைக் கழுவிவிட்ட பிறகு நான் கையைத் தண்ணீரில் அலசுவேன், சேலையில் துடைப்பேன். சோப்பு குளிக்கிற பக்கம் இருக்கும், அவசரத்தில் யார் போய் எடுப்பது? அந்தக் கையாலேயே அரை மணி நேரத்தில் பருப்புச் சோறு பிசைந்து, உருட்டி, ஊட்டுவேன். நம் வீட்டுப் பிள்ளைகள் அம்மா கையால் பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடும். ஸ்பூனுக்கு மாறச் சொன்னால் நான் மாற மாட்டேன், அவனும் மாற மாட்டான். அதனால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன். வெங்காயம் வருகிற வலைப்பையில் சோப்புக் கட்டியைப் போட்டு கக்கூஸ் வாசலில் ஒன்று, அடுப்படியில் ஒன்று தொங்கவிட்டேன். கைக்கு எட்டினால்தான் எடுப்போம். சோப்புப் போட்டுக் கை கழுவுவதால் மட்டும் பிள்ளைகளின் பேதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு மலிவான மருந்தை அந்த முக்குக் கடையில் யாரும் எனக்குக் கட்டிக் கொடுக்கவில்லை.

பிள்ளைகளை 20 விநாடி கழுவ வைப்பது பெரிய பாடு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அ முதல் ஃ வரைக்கும் இரண்டு தடவை நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை தேய்க்க வேண்டும். முதல் சுற்று உள்ளங்கை, புறங்கை. இரண்டாவது சுற்று விரல் இடுக்கு, நகம், கட்டைவிரல். கோயிலில் குழாய் தூரம் என்பதால் மூடியில் ஆணியால் துளை போட்ட பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டோம். சுண்டல் கிண்ணத்துக்கு முன்னால் வரிசையாக நின்று உயிரெழுத்துச் சொல்லுகிறார்கள். சில பேருக்கு இதனால்தான் ஔவுக்கு முந்தி ஓ என்பதே மனப்பாடம் ஆனது.

சாப்பாட்டு விஷயத்தில் என் வில்லன் ஃபிரிட்ஜ். கரண்ட் போய்விட்டால் அது ஒரு வெள்ளை அலமாரி. திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் திறக்காமல் எங்கே இருக்கிறது? முன்னெல்லாம் ராத்திரிச் சோறு மிஞ்சினால் காலையில் தெருவில் கூவி வருகிற பேப்யோ வாங்கி, அந்த அவித்த பட்டாணியோடு வெங்காயம் போட்டு வதக்கிக் கொடுத்துவிடுவேன். ரொம்ப ருசி. ஆனால் சோற்றில் ஒரு கிருமியின் விதை வேகவைத்தாலும் சாகாமல் கிடக்கும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்து விஷம் விடும், அந்த விஷம் மறுபடி வறுத்தாலும் போகாது. கெட்ட வாசனையும் வராது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடக்கிற சமைத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம்தான் கணக்கு என்கிறார்கள். இப்போது சின்னவனுக்கென்று ஒரு கைப்பிடி அரிசி குறைத்தே போடுகிறேன். மிஞ்சினால் என் வயிற்றுக்கு, இல்லாவிட்டால் காக்காய்க்கு.

வெளிச்சாப்பாட்டை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லுவார் என்று பயந்தேன். யாங்கோனில் பிறந்த பிள்ளைக்கு மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கிடையாது என்றால் அது என்ன பிள்ளை? அவர் சொன்னது வேறு. கொதிக்கிற மீன் குழம்பு பிரச்சினை இல்லை. திறந்த கூடையிலிருந்து வெறுங்கையால் அள்ளிப் போடுகிற நூடுல்ஸ், மேலே தூவுகிற பச்சைக் கொத்தமல்லி, ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிற கிண்ணம், இதெல்லாம்தான் பார்க்க வேண்டியது. நாங்கள் இப்போது தூக்குவாளி கொண்டுபோகிறோம். குழம்பைத் தனியாக வாங்கி வந்து வீட்டில் ஒரு கொதி விட்டு, நூடுல்ஸை அதிலேயே போட்டு எடுக்கிறோம். கரும்புச்சாறு மட்டும் கிடையாது. கோணிச் சாக்கில் இழுத்து வந்து நடைபாதையில் உடைக்கிற ஐஸ் கட்டியைப் பார்த்த பிறகு எனக்கே இறங்கவில்லை.

இதில் குடும்பச் சண்டை ஆன விஷயம் ஒன்று உண்டு. அத்தை முறுக்கைத் தன் வாயில் மென்று பதமாக்கிப் பேரன் வாயில் வைப்பார். அவருக்கு அது பாசம். என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷம் முன்னால் வயிற்றுப் புண் வந்து, குழாய் விட்டுப் பார்த்ததில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்றார்கள். மார்ஷல், வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய டாக்டர்கள் கண்டுபிடித்த கிருமி. யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் அதை வளர்த்துத் தானே குடித்துக் காட்டினார், 2005-ல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அது பெரும்பாலும் சின்ன வயசிலேயே, சொந்த வீட்டு ஆட்களிடமிருந்தே தொற்றுகிறது. இதை நான் சொல்லியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அவரே சொன்னார், "அம்மா, எனக்கு வந்தது அவனுக்கு வேண்டாம்." அத்தை இப்போது முறுக்கை உரலில் இடிக்கிறார். இடிக்கும்போது யாரையோ திட்டுவது கேட்கும்.

தடுப்பூசி பற்றியும் கேட்டேன். டைபாய்டுக்கு உண்டு, அதை இரண்டு பேருக்கும் போட்டோம். ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து கைக்குழந்தையாக இருக்கும்போதே கொடுக்க வேண்டியது. ஷிகெல்லாவுக்குப் பொதுப் பயன்பாட்டில் தடுப்பூசி எதுவும் இல்லை, கையும் சோப்பும்தான். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை, அவளிடம் நான் நச்சரித்தது ஒன்றுதான்: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பால் பாட்டில் நிப்பிளைச் சுத்தமாக வைப்பது ராஜாங்க வேலை.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் ஓமத் தண்ணீர் வைக்க நிற்காமல் கிளம்ப வேண்டும். பக்கத்திலேயே தாட்சா பாக்கெட் ஐந்து, ஒரு லிட்டருக்குக் கோடு போட்ட பாட்டில் ஒன்று.

தெருமுனையில் ஒரு யேஓசின் இருக்கிறது. நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் மாதிரி, மரத்தடியில் மேடை கட்டி இரண்டு பானை, சங்கிலியில் ஒரு தகரக் குவளை. வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வைத்தால் குத்தோ, புண்ணியம். யார் வீட்டுப் பாட்டியோ விடியற்காலையில் வந்து நிரப்பிவிட்டுப் போவார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்த ஊர் வெயிலில் எத்தனையோ பேருக்கு அது உயிர். பிள்ளைகளுக்கு மட்டும் கழுத்தில் தொங்குகிற பாட்டில் கொடுத்து அனுப்புகிறேன். சின்னவன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குவளையைத் தொட்டு ஆட்டிவிட்டுத்தான் வருவான். குடிக்கவில்லை என்று சத்தியம் செய்வான். கை கழுவுடா என்பேன்.

எவர்சில்வர் டிரம் தண்ணீரை அத்தை தண்ணீராகவே மதிக்கவில்லை. "இரும்பு வாடை" என்று பாதி டம்ளரை வைத்துவிடுவார். மழை விட்டதும் பைப் பொருத்தின மண்பானை ஒன்றைத் தேடிப் பிடித்து அவருக்கென்று வாங்கிக் கொடுத்தேன். பைப்பைத் திருகிக் குடித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார். ஒரு நாள் நான் வகுப்பு முடிந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அத்தை மூடியைத் திறந்து, பழைய சொம்பைப் பானைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் துணி எடுக்கப் பால்கனிக்குப் போனால், பானை உள்ளே வெளியே தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்ந்திருந்தது. பக்கத்திலேயே சொம்பும்.